கீழ்நோக்கி இடம்பெயர்ந்த பியானோ

பியானோ விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அது விழுந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளக் கலை வளர்ச்சி வாரியத்துக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. அதுவரை பியானோ என்ன நிலையில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், கோப்பைப் புரட்டிப் பார்த்து, 'கீழ்நோக்கி இடம்பெயர்ந்த நிலையில்' என்று சொன்னார்கள்.

ட்யூனிங்காரருக்குச் சேதி செவ்வாய்க்கிழமைதான் போயிற்று. முப்பது வருஷமாகப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதும், உடைந்ததை ஒட்டுவதும், தேய்ந்ததை மாற்றுவதுமாகப் பிழைக்கிற மனிதர். வாரியத்தின் கலையரங்கில் இருக்கும் அந்தக் கிராண்டு பியானோவை வருஷத்துக்கு இரண்டு தடவை திறந்து பார்த்து, அதன் வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு கம்பியையும் அறிந்து வைத்திருப்பவர். வாரியத்தின் பியானோ டீச்சர்தான் போன் செய்தார்.

“சார், நம்ம பியானோ மேடையிலேருந்து விழுந்துடுச்சு. முன்கால் ஒண்ணு போச்சு. மூக்கு குத்தி நிக்குது. ஆளாளுக்குச் சுத்தி நின்னு பேசுறாங்களே ஒழிய, யாரும் அதை நிமுத்த மாட்டேங்கிறாங்க. கொஞ்சம் வாங்களேன்.”

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

போய்ப் பார்த்தால் பியானோவைச் சுற்றி நாலு நாற்காலி போட்டுச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. வலது முன்கால் முறிந்து மூன்றடி தள்ளிக் கிடந்தது. பெடல்களைத் தாங்கும் மரச்சட்டம் காற்றில் திரும்பிய குடைபோல மடங்கியிருந்தது. அத்தனை பெரிய உடம்பும் ஒரே ஒரு மூலையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சாய்ந்து நின்றது. கால் போனால் புதுக் கால் செய்யலாம். பெடலைச் சரி செய்யலாம். ஆனால் உள்ளே இருநூற்றுச் சொச்சம் கம்பிகள் இருபது டன் விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதை எல்லாம் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு வார்ப்பிரும்புச் சட்டம். அதில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தாலும் பியானோ விறகுதான். விரிசல் விழவில்லை என்றால் இரண்டு வார வேலை. எது என்று தெரிந்துகொள்ள மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, விரல் முட்டியால் அங்கங்கே தட்டிக் கேட்டால் போதும். பத்து நிமிஷம்.

நாடாவுக்கு அடியில் குனிந்து நுழையப் போனார்.

“தள்ளி நில்லுங்க,” என்றது ஒரு குரல். வாரியத்தின் பாதுகாப்பு அதிகாரி. மஞ்சள் ஹெல்மெட் போட்டிருந்தார். “இது ஆதாரம். தொடக் கூடாது.”

“நான் பியானோ ரிப்பேர் பண்றவன் சார்.”

“அதனாலதான் சொல்றேன். மத்தவங்க தொட்டா ரேகைதான் படும். நீங்க தொட்டா அது சரியாயிடும். அப்புறம் நாங்க எதை விசாரிக்கிறது?”

“சரி, திறக்க வேணாம். அந்த மூலைக்கு அடியில நாலு மரத்துண்டாவது கொடுத்துடுறேன். மொத்த பாரமும் ஒரே இடத்துல நிக்குது. நாளாக ஆக அந்த மூலை பிளந்துடும்.”

“அதுக்கு அனுமதி வாங்கணும்,” என்றார் அதிகாரி, பெரிய மனசு பண்ணி ஒரு வழி காட்டியவரைப் போல.

பியானோ எப்படி விழுந்தது என்பதை டீச்சர் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். அன்றைக்குப் பாதுகாப்பு வாரத் தொடக்க விழா. 'விழிப்பாக இருப்போம், விபத்தைத் தவிர்ப்போம்' என்று பின்னால் துணி கட்டியிருந்தார்கள். பியானோ அதை மறைக்கிறதென்று பாதுகாப்பு அதிகாரி அதை முன்னால் தள்ளச் சொன்னார். நாலு பேர் தள்ளினார்கள். இன்னும் கொஞ்சம் என்றார். தள்ளினார்கள். 'விபத்தை' வரைக்கும் தெரிகிறது, 'தவிர்ப்போம்' தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் என்றார். மேடை முடிந்துவிட்டது.

“அப்ப விசாரணை யார் பேர்ல?” என்று கேட்டார் ட்யூனிங்காரர்.

“விசாரிக்கிறதே அவர்தான் சார். சம்பவ இடத்துல இருந்த ஒரே பொறுப்பான அதிகாரின்னு அவரையே விசாரணைக் குழுத் தலைவராப் போட்டுட்டாங்க.”

டீச்சருக்கு நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் பிள்ளைகள் பரீட்சையில் தேறுவதைப் பார்த்துத்தான் நீட்டிப்புக் கொடுப்பார்கள். பதினோரு பிள்ளைகள். ஆறு வாரத்தில் வெளியூரிலிருந்து பரீட்சை எடுப்பவர் வருகிறார். கிராண்டு பியானோவில் வாசித்துக் காட்ட வேண்டும். ஊரில் இருப்பதே இந்த ஒன்றுதான்.

அரங்கைப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். “நான் பார்த்தேன்ங்க. அவர் கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டார், அது பாட்டுக்கு வந்து விழுந்துச்சு. சொல்லலாம்னு போனேன். உத்தியோகத்துல மூணாம் நிலைக்கு மேல இருக்கிறவங்கதான் பார்க்கலாமாம். நான் பார்த்தது செல்லாதாம்.”

மரத்துண்டு வைக்க அனுமதி கேட்டு ட்யூனிங்காரர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே எழுத்தர் நல்ல மனிதர். சேதப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் காரணம் என்ற இடத்தில் நாலு கட்டம் இருந்தது: தீ, வெள்ளம், திருட்டு, கரையான்.

“விழுந்ததுன்னு கட்டமே இல்லையே.”

“வாரியத்துச் சொத்து எதுவும் இதுவரைக்கும் விழுந்ததில்ல சார்,” என்றார் எழுத்தர். “நான் ஒண்ணு சொல்லட்டுமா? கரையான்னு போடுங்க. நாளைக்கே ஆள் வரும்.”

“கரையான் இல்லையே.”

“திருட்டுன்னு போட்டா போலீஸ் வரும். வெள்ளம்னா படகு வரும். யோசிச்சுப் பாருங்க, இருக்கிறதுல கரையான்தான் தொந்தரவு இல்லாதது.”

ட்யூனிங்காரர் படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். எழுத்தர் இரக்கப்பட்டுத் தானே டிக் அடித்துவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறவன் வந்தான். அவனை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அவனிடம் உத்தரவு இருந்தது. ஒடிந்த காலுக்கு நன்றாக அடித்தான். மூடி இடுக்கில் குழாயை நுழைக்கப் போனபோது டீச்சர் குறுக்கே விழுந்து மறித்ததில் கம்பிகள் தப்பின. ஒரு வாரத்துக்கு அரங்கில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

பதினோராம் நாள் இயக்குநர் கூட்டம் போட்டார். ட்யூனிங்காரரையும் கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். நீள மேசையைச் சுற்றிப் பதினாலு பேர். பியானோ மேசை நாற்காலி வகையில் சேருமா, எந்திர வகையில் சேருமா என்று முற்பகல் முழுக்கப் பேசினார்கள். மேசை நாற்காலி என்றால் தச்சுப் பிரிவு, எந்திரம் என்றால் பொறியியல் பிரிவு. இரண்டு பிரிவுமே அது அடுத்தவருடையது என்பதில் பெருந்தன்மையோடு உறுதியாக இருந்தன. கடைசியில் இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

“நான் வெளிப்படையா ஒண்ணு சொல்லிடுறேன். அது விழுந்ததுன்னு நாம எழுதினா, இத்தனை நாளும் அதை நிக்க வச்சிருந்தது நாமதான்னு ஆயிடும். நிக்க வச்சது நாமன்னா, பொறுப்பும் நாமன்னு ஆயிடும். இருபத்தாறு வருஷமா இந்த வாரியம் எதுக்கும் பொறுப்பானது கிடையாது. எனக்கு முன்னாடி இருந்தவங்க கட்டிக் காப்பாத்தின பேரு அது. என் காலத்துல அதைக் கெடுக்க விட மாட்டேன்.”

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ட்யூனிங்காரர் எழுந்து நின்றார்.

“ஐயா, எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்க. இரும்புச் சட்டம் நல்லா இருக்கான்னு மட்டும் பார்த்துடுறேன். மூலை இப்பவே வாய் பிளக்க ஆரம்பிச்சிடுச்சு. நேத்து நாடாவுக்கு வெளியில நின்னே பார்த்தேன்.”

“உங்க அக்கறை புரியுது,” என்றார் இயக்குநர். “ஆனா பாருங்க, காரணம் தெரியாம சேதத்தைப் பார்க்கிறது முறை இல்ல. முதல்ல எப்படி விழு… எப்படி இடம்பெயர்ந்ததுன்னு தெரியட்டும். பாதுகாப்பு அதிகாரி ஒரு நல்ல யோசனை வச்சிருக்கார்.”

அந்த நல்ல யோசனை, சம்பவத்தை அப்படியே திரும்பச் செய்து பார்ப்பது. கிராண்டு பியானோ ஆதாரம், அதைத் தொட முடியாது. ஆகவே பிள்ளைகள் பழகுகிற சின்ன நிற்கும் பியானோவை வகுப்பறையிலிருந்து கொண்டுவர முடிவாயிற்று. டீச்சர் முடியாது என்று கதவை மறித்து நின்று பார்த்தார். ஒத்துழையாமை என்று குறித்துக்கொண்டு, அவரை நகர்த்திவிட்டுப் பியானோவை எடுத்துப் போனார்கள்.

பதினெட்டாம் நாள் காலை பத்தேகால் மணிக்கு, அதே துணி, அதே நாலு பேர். பாதுகாப்பு அதிகாரி அதே இடத்தில் நின்று கையைக் காட்டினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சின்னப் பியானோ மேடை விளிம்பைத் தாண்டிக் குப்புற விழுந்தது. எண்பத்தெட்டுக் கட்டைகளும் ஒரே சமயத்தில் அலறின. பின்பலகை இரண்டாகப் பிளந்தது, கம்பியைத் தட்டும் குட்டிச் சுத்தியல்கள் அரங்கு முழுக்கச் சிதறின. குழுவினர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“மேடை முடியுற இடத்துல பியானோ கீழே போகும்ங்கிறது சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணம் ஆயிடுச்சு,” என்று பாதுகாப்பு அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவருக்கு மூச்சு வாங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சுத்தியல் வந்து விழுந்திருந்தது. அதை எடுத்துப் பார்த்தார், கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ட்யூனிங்காரருக்குத்தான் தாங்கவில்லை. யாரையாவது நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எழுந்து போனார். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“இன்னைக்காவது தொட விட்டாங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“இன்னொண்ணையும் போட்டு உடைச்சுட்டாங்க.”

அவள் அவர் கையைப் பார்த்தாள். “ஏங்க, நீங்க பியானோ ரிப்பேர் பண்றவரா, மனு எழுதுறவரா? மூணு வாரமா உங்க கையில பேனாதான் இருக்கு. உளியைப் பார்த்தே நாளாச்சு. இப்படியே போனா உங்களையும் ஒரு கோப்புல வச்சுக் கட்டிடுவாங்க.”

அவரும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் மைதான் இருந்தது.

மறுநாள் உத்தரவு வந்தது. பியானோ விழுந்தது உண்மை, அதற்குக் காரணம் பியானோவின் எடை, ட்யூனிங்காரர் பரிசோதிக்கலாம். அவருக்கும் ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். நாடாவை அவிழ்த்ததும், யாரையும் கேட்காமல் முதலில் மூலைக்கு அடியில் மரத்துண்டுகளைக் கொடுத்து முட்டுக் கட்டினார். நாலு பேர் பிடிக்க மூடியைத் திறந்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே தலையை விட்டார். ஹெல்மெட் இடித்தது, கழற்றி எறிந்தார். சட்டத்தை ஒவ்வொரு விலாவாக முட்டியால் தட்டிக் கேட்டார். விரிசல் இருந்தால் தகரம்போல மொட்டையாகக் கேட்கும். ஒவ்வொரு தட்டுக்கும் மணிபோல நீளமாக ஒரு முனகல் வந்தது. கடைசி விலாவைத் தட்டிவிட்டு அப்படியே அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன சார்?” என்றார் டீச்சர்.

“பிழைச்சுக்கும் டீச்சர்.”

ஆனால் முதல் நாள் ஒட்டியிருந்த மூலை இப்போது கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. அந்தப் பிளவு இழுத்த இழுப்பில் கம்பியின் ஓசையைப் பெருக்கும் ஒலிப்பலகையிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. “இது விழுந்ததால வந்தது இல்ல. பத்தொன்பது நாள் நிக்க வச்சதால வந்தது. இதை எழுதிக்குங்க,” என்றார்.

“அது எங்க விசாரணை வரம்புல வராது,” என்றார் பாதுகாப்பு அதிகாரி. “நாங்க விழுந்த அந்த ஒரு நிமிஷத்தை மட்டும்தான் விசாரிக்கிறோம்.”

பதினாறு நாள் வேலை செய்தார். அவ்வளவு நிம்மதியாக வேலை செய்து அவருக்கே நாளாகியிருந்தது. மூலைக்குள் பசையைச் செலுத்திப் பிடிமானம் போட்டு இறுக்கினார். ஒலிப்பலகைக் கோட்டைச் சுத்தமாக்கி, அதே மாதிரி மரத்தில் காகிதம்போலச் சீவிய சிம்பைப் பதித்து மட்டமாக இழைத்தார். வன்மரத்தில் புதுக் கால் கடைந்து, பழைய இரண்டு கால்களின் நிறத்துக்கு ஆறு தடவை மெருகு போட்டார். பெடல் சட்டத்தைப் பிரித்துக் கோத்தார். மூன்று தடவை சுருதி சேர்த்தார். ஆட்டம் கண்ட கம்பிகள் ஒரு நாள் நிற்கும், மறுநாள் இறங்கிவிடும். பெருக்கும் அக்கா சீவல்களை அள்ளிக்கொண்டே, “நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை போல இருக்குங்க,” என்று தினமும் வந்து சொல்லிவிட்டுப் போவார். முப்பத்தாறாம் நாள் டீச்சர் உட்கார்ந்து வாசித்தார். ட்யூனிங்காரர் அரங்கின் கடைசி வரிசையில் போய் நின்று கேட்டார். பரீட்சைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

மறுநாள் விசாரணைக் குழுவின் பரிந்துரை வந்தது. இரண்டு நிகழ்வுகளிலும் விழுந்த பொருள் உயரத்தில் இருந்ததே அடிப்படைக் காரணம். ஆகவே பியானோவை மேடையிலிருந்து இறக்கி, கால்களை நீக்கி, தரையோடு தரையாக வைக்க வேண்டும்.

ட்யூனிங்காரர் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு நேராகப் போய்விட்டார். “கால் இல்லாம எப்படி சார் வாசிக்கிறது? பெடல் எங்க போகும்?”

“வாசிக்கிறதைப் பத்தி எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல,” என்றார் அதிகாரி. “ஆனா கீழ கிடக்கிற பொருள் விழுந்ததா எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? சொல்லுங்க, பரிந்துரையை மாத்திடுறேன்.”

பதினாறு நாள் வேலையில் கடைந்த காலை அவர் கையாலேயே கழற்றினார். மற்ற இரண்டையும் கழற்றினார். பியானோ கம்பளத்தின்மேல் கரை ஒதுங்கிய படகுபோலப் படுத்தது. பிள்ளைகள் அதன்முன் மண்டி போட்டு வாசித்துப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் ஒருத்திக்குக் கால் மரத்துப்போய் அழுதாள். டீச்சர் பரீட்சை எடுப்பவருக்கு வர வேண்டாம் என்று கடிதம் எழுத உட்கார்ந்து, பாதியில் நிறுத்தி, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

ட்யூனிங்காரர் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பியானோ நடவடிக்கையின் வெற்றியைக் கருதி, தலைமை அலுவலகத்தில் கால் உள்ள எல்லாப் பொருள்களிலிருந்தும் கால்களை நீக்க இயக்குநர் உத்தரவிட்டிருக்கிறார். கால் நீக்கும் பணியில் முன் அனுபவம் உள்ள ஒரே நபர் என்ற முறையில் தாங்கள் உடனே வர வேண்டும்.

மனைவி கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். “போங்க,” என்றாள். “போய் நல்லாக் கழட்டுங்க.”

போனார். கிளம்பும் முன் ஒரு காகிதமும் எழுதி எடுத்துக்கொண்டார். இயக்குநரின் அறையிலிருந்து ஆரம்பித்தார். பெரிய மேசைக்கு நாலு கால். சுழல் நாற்காலிக்கு ஐந்து சக்கரம், அவற்றையும் கால் என்றே கணக்கெடுத்தார். விருந்தாளிகள் சோபா, தொப்பி மாட்டும் தாங்கி, இயக்குநர் மதியம் சாய்ந்துகொள்ளும் கட்டில் என்று ஒன்றையும் விடவில்லை. அடுத்த அறை பாதுகாப்பு அதிகாரியுடையது. அங்கே இன்னும் கவனமாக வேலை செய்தார். சாயங்காலத்துக்குள் தலைமை அலுவலகம் முழுவதும் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

திரும்பி இயக்குநரின் அறைக்குப் போனார். இயக்குநர் மேசைப் பலகைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் காதுப் பக்கம் நின்றன. கோப்பு எட்டவில்லை. எட்டிக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. எதை நீட்டினாலும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“இது என்ன?”

“அரங்குல பியானோவுக்கு அடியில பெருக்க முடியல ஐயா. தரையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பெருக்கி முடியுற வரைக்கும் தற்காலிகமாக் காலைப் பொருத்திக்க அனுமதி.”

“பெருக்குறதுக்குத்தானே?”

“பெருக்குறதுக்குத்தான் ஐயா.”

“சுத்தம் முக்கியம்,” என்றார் இயக்குநர், இடுப்பைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பரீட்சை நாள் காலை பியானோ மூன்று காலில் நின்றது. பரீட்சை எடுப்பவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பியானோவுக்கு அடியில் பெருக்கும் அக்கா சின்னத் துடைப்பத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்தம் வராமல் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பரீட்சை எடுப்பவர் குனிந்து ஒரு தடவை பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், இந்த ஊரில் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது பிள்ளை வாசித்து முடித்தபோது பாதுகாப்பு அதிகாரி வந்தார். முதுகை நிமிர்த்த முடியாமல் பக்கவாட்டில் நடந்து வந்தார். அனுமதிக் காகிதத்தை வாங்கிப் படித்தார். குனிந்து அக்காவைக் கேட்டார்.

“பெருக்கி முடியலையா இன்னும்?”

“இல்லீங்க சார்.”

“எப்ப முடியும்?”

“இன்னும் எட்டுப் பிள்ளைங்க இருக்குங்க.”

குனிந்தவரால் நிமிர முடியவில்லை. ட்யூனிங்காரரும் டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தி அனுப்பி வைத்தார்கள்.

பதினோராவதாக வந்தவள் மண்டி போட்டு அழுத அந்தச் சின்னப் பெண். கால் பெடலை எட்டியது. அவள் கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்தபோது, கடைசி வரிசையில் நின்றிருந்த ட்யூனிங்காரரின் காதில் மேல் ஸ்தாயியில் ஒரு கம்பி ஒரு நூல் அளவு இறங்கியிருப்பது விழுந்தது. வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. பரீட்சை எடுப்பவர் கைகுலுக்கிவிட்டுப் போகும் வரை காத்திருந்தார். பிறகு நடந்து போய், மூடியைத் திறந்து, பையிலிருந்து சுருதி சேர்க்கும் சாவியை எடுத்து அந்தக் கம்பியின் முறுக்காணியில் மாட்டினார். யாரிடமும் கேட்கவில்லை.